சுங்கை சிப்புட் சனிக்கிழமை ஹதீஸ் வகுப்பு: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் நகரில், செம்பனைத் தோட்டங்களுக்குப் போகும் சாலையோரக் கடைவீட்டு மாடியில், சனிக்கிழமைதோறும் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பின் தமிழில் ஹதீஸ் (நபிமொழி) வகுப்பு நடைபெறுகிறது. மாதக் கட்டணம் 20 வெள்ளி (ரிங்கிட்). பாடம் நடத்தும் ஹஜ்ரத் (மார்க்க ஆசிரியர்) மாநிலச் சமயத் துறையின் தவ்லியா, அதாவது சமயம் கற்பிக்கும் அனுமதி, பெற்றவர்.

நபிமொழிகளை மனனம் செய்யவைக்கும் வகுப்புகள் நமக்குப் புதியவை அல்ல. இவரோ, ஒரு நபிமொழி எந்தச் சூழலில், எந்த நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டது என்று ஆராய்ந்து, அந்தச் சூழல் இன்றும் நீடிக்கிறதா என்று கேட்கப் பழக்குகிறார். வழிதவறிய ஒட்டகம் பற்றிய பாடம் இதற்குச் சிறந்த சான்று. அது தானே நீர் அருந்தி, மரங்களைத் தின்று பிழைத்துக்கொள்ளும், உரியவர் வந்து சேரும்வரை விட்டுவிடுங்கள் என்னும் பொருளில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்திருக்க, பின்னர் வந்த கலீஃபா உஸ்மான் (ரலி) ஆட்சியிலோ அத்தகைய ஒட்டகங்களை அறிவிப்புச் செய்து விற்று, உரியவர் வந்தால் விலையைக் கொடுக்கும்படி உத்தரவிடப்பட்டதை இமாம் மாலிக்கின் முவத்தா என்னும் ஹதீஸ் தொகுப்பு பதிவுசெய்துள்ளது. கலீஃபா நபிமொழிக்கு மாறாக நடந்தாரா என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார். உடைமை உரியவரிடம் சேர வேண்டும் என்பதே நோக்கம் என்றும், மக்களிடம் நாணயம் குறைந்த காலத்தில் விட்டுவைத்தால் அந்த நோக்கமே கெட்டுவிடும் என்றும் ஹஜ்ரத் விளக்கினார்.

"அப்படியானால் தோட்டத்தில் ஆளில்லாமல் மேயும் மாட்டை நான் கட்டிப்போடலாமா, ஹஜ்ரத்?"

"கட்டலாம் பாய், கட்டிய கையோடு தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் சொல்லிவிட வேண்டும்."

குறை உண்டு. ஸனதை, அதாவது அறிவிப்பாளர் தொடரை, ஆராயும் பாடத்துக்கு மிகச் சொற்ப நேரமே ஒதுக்கப்படுகிறது. வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழிகளெல்லாம் ஹதீஸ் என்று நம்பப்படும் இக்காலத்தில், நபிமொழிதானா என்று உறுதிசெய்யாமலே அதன் நோக்கத்தைத் தேடுவது தலைகீழ்ப் பாடமாகும். நோன்புப் பெருநாள் தர்மமான ஃபித்ராவைப் பணமாகக் கொடுக்கும் விஷயமும் அவசரமாகவே கடந்துபோனது. ஒரு ஸாவு (முகத்தலளவு) பேரீச்சை அல்லது வாற்கோதுமை என்னும் நபிமொழியை வைத்து, ஹனஃபி மத்ஹபினர் (சட்டப் பள்ளியினர்) மதிப்பைப் பணமாகத் தரலாம் என்பதையும் ஷாஃபி மத்ஹபினர் தானியத்தையே வலியுறுத்துவதையும் இன்னும் விரித்திருக்கலாம். பெரும்பாலும் ஹனஃபிகளான ராவுத்தர், ஷாஃபிகளான மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகள் அருகருகே உட்காரும் வகுப்பு அல்லவா இது.

பெண், மஹ்ரம் (மணமுடிக்கத் தடையுள்ள நெருங்கிய ஆண் உறவினர்) துணையின்றிப் பயணம் செய்யலாகாது என்னும் நபிமொழியை, ஒரு பெண் இராக்கிலுள்ள ஹீரா நகரிலிருந்து புறப்பட்டு அல்லாஹ்வைத் தவிர வேறெவருக்கும் அஞ்சாமல் கஅபாவை வலம்வருவாள் என்று அதீ பின் ஹாத்திம் (ரலி) அறிவிக்கும் முன்னறிவிப்போடு சேர்த்து, வழிப்பாதுகாப்பை மையமாக வைத்து அவர் விளக்கியது இவ்வகுப்பின் உச்சம். ஆனால் கோலாலம்பூரில் மகள்களை வேலைக்கு அனுப்பியிருக்கும் தாய்மார்கள் அமர்ந்திருந்த திரைக்கப்பால் அதில் பாதிகூடக் கேட்கவில்லை. கட்டணம் வாங்கும் நிர்வாகத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஒலிபெருக்கி வாங்கிவைப்பது பெரிய செலவாகாது.