லாக் மென்பொருள் வாங்கும் முன்: நெல்லைப் பக்கம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் நடுத்தர அளவு நிறுவனங்களுக்கு சர்வரும் ஃபயர்வாலும் (இணையத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நிற்கும் காவல் சாதனம்) பார்த்துக்கொள்வது என் வேலை. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலை, நாலைந்து ஊரில் கிளை வைத்திருக்கும் ஒரு ஜவுளிக்கடை, கங்கைகொண்டான் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. இந்த இடங்களில் சில வருடங்களாக வெவ்வேறு லாக் மென்பொருள்களை ஓட்டியிருக்கிறோம். லாக் என்பது சர்வர், ஃபயர்வால், கணினி எல்லாம் தம்மில் நடப்பதை நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவு; அவற்றை ஓரிடத்தில் சேர்த்துத் தேட உதவுவது லாக் மென்பொருள். சிலது இன்னும் ஓடுகிறது, சிலதைச் சோதனைக் காலத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

“எது நல்லது?” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது எந்தக் கணக்கில் காசு கேட்கிறது? நாளைக்கு இத்தனை ஜிபி என்றா, சாதனத்துக்கு இவ்வளவு என்றா, நொடிக்கு இத்தனை நிகழ்வு என்றா, இல்லை காசே கேட்காமல் உங்கள் ஆளின் நேரத்தைத் தின்னுமா? விளம்பரத் தாளில் இருக்கும் வசதிகள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு வருடம் கழித்து ரினியூவல் வரும்போது கையைக் கடிப்பது அந்தக் கணக்குதான்.

முன்பெல்லாம் எங்கள் பக்கம் இதற்கு யாரும் மெனக்கெடவில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுக்கு அப்புறம்தான் ஆடிட்டர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிகளின் கடிகாரம் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் நான் போய்ப் பார்த்த பல இடங்களில் விண்டோஸின் செக்யூரிட்டி லாக் 20 எம்பி என்ற ஆரம்ப அளவிலேயே கிடந்தது. ஃபைல் சர்வரில் ஆடிட்டிங்கை (யார் எந்தக் கோப்பைத் தொட்டார் என்று குறிப்பதை) இயக்கிவிட்டால் அந்த 20 எம்பி ஒரு நாள்கூடத் தாங்காது. பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும். எந்த மென்பொருளும் வாங்கும் முன் இதைப் பெரிதாக்கிவிடுங்கள், செலவில்லாத வேலை.

சரி, ஜிபி கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஸ்ப்ளங்க் இந்தத் துறையின் பெரிய பெயர். 2024 மார்ச்சில் சிஸ்கோ அதை வாங்கி முடித்தது. அதன் தேடல் மொழிக்கு இணையாக நான் வேறு எதையும் கையாண்டதில்லை. ஒழுங்கில்லாத லாக்கைக் கொடுத்தாலும் தேடும் நேரத்தில் பிரித்துக் காட்டும். இலவசப் பதிப்பு நாளொன்றுக்கு 500 எம்பி வரை எடுத்துக்கொள்ளும், ஆனால் அதில் அலர்ட்டும் (சந்தேகமான எதையாவது கண்டால் வரும் எச்சரிக்கை) இல்லை, பயனர் லாகினும் இல்லை. ஆக, கற்றுக்கொள்ள உதவும், கண்காணிக்க உதவாது.

ஜிபி கணக்கில் ஆட்களைக் கவிழ்ப்பது சர்வர் அல்ல, ஃபயர்வால். ஐம்பது கணினி இருக்கும் ஒரு அலுவலகத்தில் எல்லா விண்டோஸ் லாக்கையும் சேர்த்தாலும் ஃபயர்வாலின் டிராஃபிக் லாக் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஒவ்வொரு இணைப்பும் ஒரு வரி. ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர்களுக்கு இலவச வைஃபை கொடுத்திருந்தார்கள். ஆடி மாதக் கூட்டத்தில் அத்தனை போனும் அந்த ஃபயர்வால் வழியாகத்தான் போனது. விற்பனைப் பிரதிநிதி போட்டுக் கொடுத்த மதிப்பீட்டில் இதெல்லாம் வராது. கணினி எத்தனை என்று எண்ணி ஒரு பெருக்கல் போட்டு வந்துவிடுவார்.

மைக்ரோசாஃப்ட் சென்டினலும் ஜிபி கணக்குதான், ஆனால் முழுக்க மேகத்தில் இருப்பது. ஆபீஸ் 365-இன் ஆடிட் லாக்கை உள்ளே எடுக்கக் கட்டணம் கிடையாது. அதனால் மெயில், ஒன்டிரைவ் எல்லாம் அங்கேயே இருக்கும் நிறுவனத்துக்கு அதை மட்டும் சென்டினலில் வைப்பது லாபம். கங்கைகொண்டான் கம்பெனியில் அப்படித்தான் செய்திருக்கிறோம். கணக்குப் பிரிவு ஊழியரின் மெயில்பெட்டியில் யாரோ ஃபார்வர்டிங் ரூல் (வரும் மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி) போட்டால் அது காட்டிக்கொடுக்கிறது. இன்வாய்ஸ் மோசடி பெரும்பாலும் அந்த ரூலில்தான் தொடங்குகிறது. 90 நாள் சேமிப்பு கட்டணமில்லாமல் வருகிறது. 180 நாளுக்கு மீதிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஃபயர்வாலை அதில் இணைக்கவில்லை. இணைத்தால் என்ன பில் வரும் என்று ஒரு வாரம் சோதித்துப் பார்த்ததே போதும்.

நொடிக்கணக்கு மென்பொருள்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐபிஎம் க்யூரேடார் அந்த வகை, பெரிய வங்கிகளுக்கும் தனியாகக் கண்காணிப்பு அறை வைத்திருப்பவர்களுக்கும் ஏற்றது. எங்கள் பக்கத்து நிறுவனங்களுக்கு அளவு மீறிய சட்டை.

சாதனக் கணக்கில் நான் ஓட்டியது மேனேஜ்எஞ்சினின் ஈவென்ட்லாக் அனலைசர். மேனேஜ்எஞ்சின் சோஹோவின் ஒரு பிரிவு. சோஹோவுக்குத் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் இருப்பதால் “நம்ம ஊர்க் கம்பெனி” என்ற ஒரு பாசம் வாங்குபவர்களிடம் இருக்கும். அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்தது. ஒன்று, விண்டோஸ் சர்வரிலேயே நிறுவலாம். நம் ஊர் சிஸ்டம் அட்மின்களில் லினக்ஸ் கட்டளை எழுதப் பயப்படாதவர்கள் குறைவு. நான் ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டால் அங்கே இருக்கும் பையனே சமாளிப்பான். இரண்டு, ஃபயர்வால் எவ்வளவு கக்கினாலும் அது ஒரு சாதனம்தான், பில் மாறாது. டிஸ்க் மட்டும் நிறையும். ஐந்து சாதனம் வரை இலவசம். சின்ன அலுவலகத்துக்கு ஒரு சர்வர், ஒரு ஃபயர்வால், முக்கியமான மூன்று கணினி என்று எடுத்துக்கொண்டால் அந்த இலவசப் பதிப்பே ஒரு நல்ல ஆரம்பம். மருத்துவமனைக்குக் கட்டணப் பதிப்பு வாங்கினோம். ஆடிட்டருக்கு வேண்டிய ரிப்போர்ட்டுகள் தயாராகவே இருப்பதால் வருடக் கடைசியில் எக்செல் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. ஆனால் அது எதிர்பார்க்காத வடிவத்தில் வரும் லாக்கை, உதாரணமாக ஆய்வகக் கருவியோடு வரும் பழைய மென்பொருளின் டெக்ஸ்ட் ஃபைலை, பிரிக்கச் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் இழுக்கிற வேலை.

இனி வாசூ. என் நேரத்தில் பாதி இதில்தான் போயிருக்கிறது, அதனால் நீளமாகவே சொல்கிறேன். ஓசெக் என்ற பழைய திறமூலக் கருவியிலிருந்து 2015-இல் பிரிந்து வளர்ந்தது. உரிமக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு கணினியிலும் லாக்கை எடுத்து அனுப்பும் ஒரு ஏஜென்ட், நடுவில் ஒரு சர்வர், தேடுவதற்கு ஒரு இண்டெக்ஸர், பார்ப்பதற்கு ஒரு டாஷ்போர்டு. 25 ஏஜென்ட் வரை 4 கோர், 8 ஜிபி ரேம், 50 ஜிபி டிஸ்க் போதும் என்று அவர்களின் ஆவணமே சொல்கிறது. ஆனால் அந்த 50 ஜிபி கணக்கு 90 நாளுக்கு. அதைவிட முக்கியமாக, அது அலர்ட்டுகளுக்கான கணக்கு. வாசூ ஆரம்ப அமைப்பில் எந்த விதிக்குள் விழுந்து அலர்ட் ஆனதோ அதை மட்டும்தான் சேமிக்கிறது; வந்த எல்லா லாக்கையும் அல்ல. 180 நாள் லாக் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, கேட்கும்போது அலர்ட்டுகளை மட்டும் எடுத்துக் காட்ட முடிகிற நிலையில் பல இடங்கள் இருக்கின்றன. “லாக்ஆல்” என்ற அமைப்பை இயக்கினால் எல்லாம் ஆர்க்கைவ் கோப்பில் சேரும், தினமும் சுருக்கி வைத்துக்கொள்ளும். பழையதை அழிக்கும் ஏற்பாட்டை நாம்தான் செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் டிஸ்க் நிறைந்து எல்லாமே நின்றுவிடும்.

இன்னொன்று மின்வெட்டோடு சம்பந்தப்பட்டது. ஏஜென்ட் நின்றிருந்த நேரத்தில் விண்டோஸில் பதிவான நிகழ்வுகளை அது திரும்ப வந்ததும் எடுக்காது. “ஒன்லி ஃபியூச்சர் ஈவென்ட்ஸ்” என்ற அமைப்பு ஆரம்பத்திலேயே “ஆம்” என்று இருக்கும். அதை “இல்லை” என்று மாற்றினால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரும். யுபிஎஸ் பேட்டரி வயதான கிளை அலுவலகங்களில் இதை மாற்றாமல் விட்டால் லாக்கில் ஓட்டை விழுந்துகொண்டே இருக்கும். ஃபயர்வால் தன் லாக்கை நெட்வொர்க் வழியாக அனுப்பும் முறையான சிஸ்லாக் இதைவிட மோசம். யுடிபி 514 வழியாக வருவது போனால் போனதுதான், மறுபடி அனுப்பாது. கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவே பிராட்பேண்ட் அடிக்கடி துண்டிக்கிறதா? கிளையிலேயே ஒரு சின்ன சிஸ்லாக் சர்வரை வைத்து வாங்கி, அங்கிருந்து, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து அனுப்பும் டிசிபி வழியாக அனுப்புங்கள். ஜவுளிக்கடையின் சங்கரன்கோவில் கிளைக்கு அப்படிச் செய்த பிறகுதான் அந்தக் கிளையின் கதை எங்களுக்கு முழுதாகத் தெரிந்தது.

வாசூவின் பலம் அதன் விதிகள். நேரம் குறிப்பிட்டு விதி எழுதலாம். அரிசி ஆலையில் டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா இருக்கும் ஃபோல்டரைக் கண்காணிக்க வைத்தோம். பகலில் அந்தக் கோப்புகள் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அதற்கு அலர்ட் வந்தால் யாரும் பார்க்கப்போவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் மாறினால் மட்டும் சொல் என்று விதி எழுதினோம். (டேலியின் எடிட் லாக் வேறு. கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான கணக்குத் தடம் அது. யார் எந்த வவுச்சரைத் திருத்தினார் என்று டேலிக்குள் சொல்லும். யார் சர்வருக்குள் நுழைந்தார் என்று சொல்லாது. “அதான் எடிட் லாக் இருக்குல்ல” என்று முதலாளிகள் கேட்கும்போது இதை விளக்கவே ஒரு டீ ஆகிவிடும்.)

அந்த ஆலையில் நிறுவியதும் முதலில் கொட்டியது விண்டோஸின் 4625 என்ற நிகழ்வு எண், அதாவது தவறிய லாகின். வெளியூரிலிருந்து ஆடிட்டர் டேலி பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார்கள். அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டேலி, அக்கவுன்ட்ஸ், டெஸ்ட் என்று பெயர் மாற்றி மாற்றி உலகம் முழுவதிலிருந்தும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். போர்ட்டை மூடி விபிஎன் (அனுமதி உள்ளவர் மட்டும் நுழையும் பாதுகாப்பான பாதை) போட்டதும் அடங்கியது. இங்கே கவனிக்க வேண்டியது தவறிய முயற்சிகளின் எண்ணிக்கை அல்ல. அத்தனை 4625-க்குப் பின்னால் அதே முகவரியிலிருந்து ஒரு 4624, அதாவது வெற்றிகரமான லாகின், வந்திருக்கிறதா என்பதுதான். அடுத்து 1102-ஐத் தேடுங்கள்: செக்யூரிட்டி லாக்கை யாராவது அழித்தால் அந்த எண் பதிவாகும். உள்ளே வந்தவர் தடத்தை அழித்தாலும் நகல் வேறு சர்வருக்குப் போயிருக்கும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: “எல்லாஞ் சரி தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு மெயில் வந்தா யாரு பாக்கது?” வாசூவுக்கு என்னிடம் இருந்த உற்சாகத்தைக் கொஞ்சம் குறைத்த கேள்வி அது. உரிமக் கட்டணம் இல்லாத மென்பொருளின் விலை அங்கேதான் இருக்கிறது. வாசூ ஒவ்வொரு அலர்ட்டுக்கும் தீவிரத்தைப் பொறுத்து ஒரு நிலை எண் போடும்; மெயில் அலர்ட்டின் ஆரம்ப வரம்பு 12-ஆம் நிலை. அதைக் குறைத்தால் குப்பை குவியும், அப்படியே விட்டால் சிலது தப்பும். மருத்துவமனையில் ஒரு ஸ்கேனர் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஷேர் ஃபோல்டருக்குள் போக இரவும் பகலும் முயன்றுகொண்டிருந்தது. தாக்குதலுக்கும் அதற்கும் லாக்கில் வித்தியாசம் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். இப்படிப்பட்ட சத்தத்தை ஒவ்வொன்றாக அடக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்க முடியாத நிறுவனத்துக்கு நான் வாசூவைச் சொல்வதில்லை.

கிரேலாக் என்ற இன்னொரு லாக் மென்பொருள் பற்றிச் சுருக்கமாக. ஃபயர்வால் லாக்கை மட்டும் சேர்த்துவைத்துத் தேட வேண்டும் என்றால் இதுதான் என் விருப்பம். திறந்த பதிப்பில் தேடலும் அலர்ட்டும் உண்டு. பழைய லாக்கை ஆர்க்கைவ் செய்வது கட்டணப் பதிப்பில். ஒரு எச்சரிக்கை: ஃபயர்வாலில் நேர மண்டலம் தப்பாக இருந்தால் லாக் ஐந்தரை மணி நேரம் முன்னாலோ பின்னாலோ போய் உட்கார்ந்துகொள்ளும். “கடைசி ஐந்து நிமிடம்” என்று தேடினால் ஒன்றுமே வராது. லாக்கே வரவில்லை என்று கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருப்பீர்கள். பழைய டெஸ்க்டாப்புகளில் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி செத்துப்போய், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போவதும் இதே வகைதான். வாசூ தன்னிடம் லாக் வந்து சேர்ந்த நேரத்தையும் தனியாகக் குறித்துக்கொள்வதால் அதில் இந்தத் தலைவலி குறைவு. எதுவானாலும் முதலில் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். செர்ட்-இன் கேட்பதும் அதைத்தான், பேட்டரி விலையும் அற்பம்.

வாங்கப்போகிறவர்கள் சோதனைக் காலத்தை மாதக் கடைசியோடு சேர்த்துப் போடுங்கள், ஃபயர்வாலின் டிராஃபிக் லாக்கையும் இணைத்தே போடுங்கள். ரினியூவல் விலையை முதல் வருடக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு டீலர் எங்களுக்கு முதல் வருடம் கொடுத்த தள்ளுபடியை இரண்டாம் வருடம் மறந்தே போனார்.

லாக் சர்வரை எங்கே வைப்பது என்பதும் இதில் சேர்ந்ததுதான். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை மீறி வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. தரைத்தளத்து அறையில் ரேக் வைத்திருந்தவர்களுக்கு சர்வர், பேக்கப், லாக் மூன்றும் ஒன்றாகவே போனது. இப்போது நான் பார்க்கும் எல்லா இடத்திலும் ஆர்க்கைவ் கோப்பின் நகல் ஒன்று இரவில் வேறு ஊரில் இருக்கும் கிளைக்கு, கிளை இல்லாதவர்களுக்கு மேகச் சேமிப்புக்குப் போகிறது. சுருக்கிய பிறகு அளவு சின்னதுதான், சாதாரண பிராட்பேண்டே போதும்.