நியூயார்க் மகளிர் மாநாட்டுக் களப்பயிற்சி: சேருவதற்கு முன் கேட்க வேண்டியது

2025 மார்ச்சில், ஐ.நா.வின் பெண்கள் நிலை ஆணையக் கூட்டத்துக்கு எங்கள் பல்கலைக்கழகம் அழைத்துப் போன களப்பயிற்சியில் நானும் இருந்தேன். அடுத்த முறைக்குப் பெயர் கொடுக்கலாமா என்று ஜூனியர்கள் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். ஆளுக்குப் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

சேரலாம். ஆனால் பெயர் கொடுப்பதற்கு முன்பே "அங்கே போய் எனக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள். எந்த அமைப்போடு, எந்த நாளில், எந்தப் பொறுப்பில் என்று பதில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். "பெரிய அனுபவமாக இருக்கும்" என்று மட்டும் பதில் வந்தால் இன்னொரு முறை கேளுங்கள். இதை நான் கேட்காமல் சேர்ந்தேன். வேலை கிடைத்தது, ஆனால் தற்செயலாகத்தான் கிடைத்தது.

மூன்று கிரெடிட் பாடம். ஆறு வாரம் வகுப்பு, ஒரு வாரம் நியூயார்க், திரும்பி வந்ததும் அறிக்கை. 12 பேர் சேர்ந்தோம், போனது 10 பேர். மற்ற இருவர் ஏன் வரவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் வரலாற்றை நடத்திய விதம் அருமை. 1946இல் தொடங்கிய ஆணையம் இது. இன்று 45 உறுப்பு நாடுகள், ஆண்டுதோறும் மார்ச் மாதம் நியூயார்க்கில் கூடுகின்றன. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் 1979 உடன்படிக்கையின் வரைவு இங்கேதான் உருவானது. 1947இல் நியூயார்க் அருகே லேக் சக்சஸில் நடந்த முதல் கூட்டத்தில் 15 உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள், இந்தியாவின் சார்பில் பேகம் ஹமீத் அலி. அதற்கு அடுத்த ஆண்டு வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் "எல்லா ஆண்களும்" என்று பொருள்படும்படி இருந்ததை "எல்லா மனிதர்களும்" என்று மாற்ற வைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. ஒரே ஒரு சொல்லுக்காக ஒருவர் அவ்வளவு தூரம் வாதாடியிருக்கிறார் என்று பேராசிரியர் சொன்னபோது குறிப்பேட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டேன். அது எனக்கு எப்படித் திரும்பி வந்தது என்பது கடைசியில்.

இனி குறை. முதல் குறை பாடத்திட்டத்தில். கடைசி மூன்று வாரம் எங்களுக்குப் பேச்சுவார்த்தையைப் பின்தொடரத்தான் பயிற்சி கொடுத்தார்கள். வரைவு ஆவணத்தில் ஒரு நாடு ஏற்காத சொற்களை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். ஒவ்வொரு அடைப்புக்குறியும் எப்படி விழுகிறது, யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள், பழைய ஆவணங்களில் ஏற்கனவே ஒப்புக்கொண்ட வாசகத்தை எப்படி மீண்டும் கொண்டுவருகிறார்கள் என்பதெல்லாம் பாடம். மாதிரிப் பேச்சுவார்த்தைகூட நடத்தினோம், நான் நள்ளிரவு வரை உட்கார்ந்து அட்டவணை போட்டேன். நல்ல பயிற்சிதான், ஆனால் அந்த ஆண்டுக்குப் பொருந்தாத பயிற்சி. முந்தைய ஆண்டுகளில் கூட்டம் நடக்கும் இரண்டு வாரமும் முடிவறிக்கைக்கான பேச்சுவார்த்தை ஓடும். 2025இல், 1995இல் பெய்ஜிங்கில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டின் 30 ஆண்டு மறுஆய்வு என்பதால் அரசியல் பிரகடனம் ஒன்றுதான். அதையும் நாடுகள் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு, மார்ச் 10ஆம் தேதி, முதல் நாளிலேயே நிறைவேற்றிவிட்டார்கள். நாங்கள் பின்தொடரத் தயாராகப் போன பேச்சுவார்த்தை நாங்கள் போய் இறங்குவதற்குள் முடிந்துபோயிருந்தது. கூட்டத்தின் வடிவம் அந்தந்த ஆண்டுக்கு மாறும் என்பது முன்பே தெரியக்கூடிய செய்தி. பாடம் நடத்துபவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. பாஸ். ஐ.நா. வளாகத்துக்குள் போக வேண்டுமானால் அரசுக் குழுவில் இருக்க வேண்டும், அல்லது பொருளாதார சமூக மன்றத்தின் ஆலோசனைத் தகுதி பெற்ற அமைப்பு உங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்துக்கு அந்தத் தகுதி இல்லை. சிறிய அமைப்பு ஒன்றோடு ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த அமைப்பால் கொடுக்க முடிந்தது நான்கு இடம். 10 பேருக்கு நான்கு பாஸ் என்பது கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால்தான் எங்களுக்குத் தெரியும். பெயரும் படமும் உள்ள அட்டை, மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள முடியாது. குலுக்கலில் என் பெயர் வரவில்லை. அன்று இரவு அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? கட்டணம் கட்டும்போதே இதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் மனக்கசப்பு வந்திருக்காது.

ஆனால் நான் கற்றதில் முக்கால்வாசி பாஸ் இல்லாததால் கற்றதுதான். ஐ.நா. கட்டடத்துக்கு எதிரே, முதல் அவென்யூவும் 44ஆம் தெருவும் சேரும் முனையில் சர்ச் சென்டர் என்ற கட்டடம் இருக்கிறது. கீழே சிற்றாலயம், மேலே மாடி மாடியாக அறைகள். பெண்கள் அமைப்புகளின் இணை நிகழ்வுகள் பல அங்கேதான் நடக்கின்றன. இவற்றுக்கு ஐ.நா. பாஸ் தேவையில்லை, தனியாகப் பதிவு செய்தால் போதும். இரண்டு வாரத்தில் நூற்றுக்கணக்கான நிகழ்வுகள். லிஃப்டுக்குக் காத்திருக்கும் வரிசையிலேயே நான்கு கண்டத்து மனிதர்களோடு பேசிவிடலாம்.

பாஸ் இல்லாத ஆறு பேரையும் வீட்டு வேலைத் தொழிலாளர்கள் பற்றிய ஒரு நிகழ்வுக்கு உதவியாக அனுப்பினார்கள். நாற்காலி போட, வருகைப் பதிவு எழுத, குறிப்பு எடுக்க. குறிப்பு எடுப்பது என் பொறுப்பு. முக்கியப் பேச்சாளர் ஒரு தொழிற்சங்கத் தலைவி. அவருக்கு விசா கிடைக்கவில்லை. மடிக்கணினி வழியாக இணைக்கப் பார்த்தோம், படம் வந்தது, குரல் வரவில்லை. ஒதுக்கிய நேரம் ஒன்றரை மணி, அதில் 20 நிமிடம் போய்விட்டது. அடுத்த நிகழ்வுக்காரர்கள் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டார்கள். நிகழ்வின் ஒருங்கிணைப்பாளர் தன் கைப்பேசியில் அந்தத் தலைவியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் கையில் கொடுத்து, "மைக்குக்குப் பக்கத்தில் பிடி" என்றார்.

பிடித்தேன். கிட்டே கொண்டுபோனால் கீச்சென்று கத்துகிறது, தள்ளிப் பிடித்தால் கேட்கவில்லை. ஒரு சாண் இடைவெளி சரியாக இருந்தது. கை மாற்றினால் கரகரப்பு வந்ததால் மாற்றாமலே நின்றேன். தலைவி தான் வேலை பார்க்கும் வீட்டின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார், அரை மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தாராம். நடுவில் யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "ஒரு நிமிடம்" என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு, விட்ட வாக்கியத்திலிருந்தே தொடர்ந்தார். வாராந்திர விடுமுறை, எழுத்தில் ஒப்பந்தம், சம்பளத் தேதி. இவற்றைப் பற்றித்தான் பேசினார். அறையில் இருமல்கூட இல்லை. 11 நிமிடம் பேசினார். முடிந்தபோது என் முழங்கை மரத்துப்போயிருந்தது.

கைப்பேசியைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் கிறுக்கிய குறிப்பை அன்று மாலை ஒருங்கிணைப்பாளரிடம் காட்டினேன். அவர் படித்த விதம்தான் இந்தக் களப்பயிற்சியில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். "எல்லோரும் வலியுறுத்தினார்கள்" என்று எழுதியிருந்தேன். எல்லோரும் என்றால் யார் என்று கேட்டார். "பெண்களுக்கு அதிகாரம் வேண்டும்" என்று எழுதியிருந்தேன். யார் தர வேண்டும், எந்தச் சட்டத்தில் என்று கேட்டார். அப்புறம் ஒரு வரியில் விரலை வைத்து நின்றார். "189 நாடுகள் ஏற்றதை நடைமுறைப்படுத்த வேண்டும்." 1995இல் பெய்ஜிங் ஆவணத்தை ஏற்றது 189 நாடுகள், அது வகுப்பில் மனப்பாடம் ஆகியிருந்தது. கைப்பேசியில் 189 என்று கேட்டதும் மிச்சத்தை நானே நிரப்பிவிட்டேன். தலைவி சொன்னதோ சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் எண் உடன்படிக்கையை. 2011இல் வந்த, வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென்றே எழுதிய உடன்படிக்கை அது. தன் நாடு அதற்கு ஏற்புறுதி அளிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கோரிக்கை. என் குறிப்பு அப்படியே போயிருந்தால் படிக்கட்டில் உட்கார்ந்து அவர் கேட்ட ஒரே பெரிய விஷயம் அறிக்கையில் இருந்திருக்காது.

ஒருங்கிணைப்பாளர் கோபப்படவில்லை. ஒரு தாளை மூன்று பத்தியாக மடித்துக் கொடுத்தார். யார் சொன்னது, என்ன கேட்டார், யார் செய்ய வேண்டும். அடுத்த நான்கு நாளும் அந்த மடிப்பில்தான் எழுதினேன். பெரிய மேடைப் பேச்சு ஒன்றைக் கேட்டுவிட்டுப் பார்த்தால் நடுப்பத்தி காலியாக இருக்கும். தெருமுனை அமைப்பிலிருந்து வந்த ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் மூன்று பத்தியும் நிரம்பி வழியும்.

உள்ளே போன தோழிகள் நால்வரும் பொதுச் சபை மண்டபத்தையும், காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவியையும், ஆறு மொழிகளில் மாற்றி மாற்றிக் கேட்டதையும் சொன்னார்கள். அழகான அனுபவம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் நாளிலிருந்து அவர்களுக்குச் செய்ய எதுவும் இல்லை, உட்கார்ந்து கேட்பதைத் தவிர. அவர்களில் ஒருத்தி புதன்கிழமை மதியம் வெளியே வந்து, "உனக்கு ஏதாவது வேலை இருந்தால் நானும் வரட்டுமா?" என்றாள்.

வரிசையில் ஒரு மூதாட்டியைச் சந்தித்ததையும் சொல்ல வேண்டும். 1995இல் பெய்ஜிங்குக்கு வெளியே ஹுவாய்ரோவில் நடந்த அரசு சாரா அமைப்புகளின் மாமன்றத்தில் இருந்தவர். சுமார் 30,000 பேர் கூடிய இடம் அது. மழையும் சேறும்தான் முதலில் நினைவுக்கு வருகிறது என்றார். ஈரத்தாளில் பெயர்ப் பட்டியல் எழுதி எழுதி மை கரைந்ததாம். எனக்கு முதல் முறை என்று தெரிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உன்னை யார் எந்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?" பதில் சொல்ல என்னிடம் ஒரு வேலை இருந்தது என்பதில் அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இனி பணம். பாடக் கட்டணத்தில் தங்குமிடம் சேராது, உணவும் சேராது. ஐ.நா.வைச் சுற்றியுள்ள விடுதிகள் மாணவர்களுக்கு எட்டாத விலை. நாங்கள் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் நான்கு பேருக்கு ஓர் அறை எடுத்தோம். 7ஆம் எண் ரயில், அப்போது ஒரு பயணத்துக்கு 2.90 டாலர், கிராண்ட் சென்ட்ரலில் இறங்கி 42ஆம் தெரு வழியாகக் கிழக்கே நடந்தால் ஐ.நா. மார்ச் மாதம் ஆற்றுக் காற்று எலும்பு வரை போகும், நல்ல கோட்டு வேண்டும். வராமல் போன இரண்டு பேரும் இந்தச் செலவால்தான் நின்றார்கள். அதில் ஒருத்தி எங்கள் வகுப்பிலேயே ஆவணங்களை நன்றாகப் படிப்பவள். வறுமையும் பெண்களும் பற்றி ஆறு வாரம் பாடம் நடத்திய துறை, இரண்டு பேருக்கு அறை வாடகை தேட ஒரு முயற்சிகூட எடுக்கவில்லை. இதைப் பின்னூட்டப் படிவத்தில் எழுதினேன், நேரிலும் சொன்னேன். அடுத்த முறை போகிறவர்களும் சொல்லுங்கள்.

பாஸ் எத்தனை, செலவு எவ்வளவு, என் வேலை என்ன. இந்த மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் தனியாக ஐந்துக்கு ஐந்து.

அறிக்கையைப் பற்றிச் சொல்ல ஒன்று பாக்கி. திரும்பி வந்து இரண்டு வாரத்தில் எழுதிக் கொடுத்தேன், மதிப்பெண்ணும் வந்தது. அதன் பிரதியை ஒருங்கிணைப்பாளர் அந்தத் தொழிற்சங்கத் தலைவிக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரே ஒரு திருத்தம் என்றார். ஓரிடத்தில் "வீட்டு உதவியாளர்கள்" என்று எழுதிவிட்டேனாம். "நாங்கள் யாருக்கும் உதவி செய்யவில்லை, வேலை செய்கிறோம். தொழிலாளர்கள் என்று மாற்றிவிடு." மாற்றி, பல்கலைக்கழகத்துக்கும் மறுபடி அனுப்பினேன். இப்போது துறை நூலகத்தில் இருப்பது திருத்திய பிரதி.