கடல் முள்ளெலிச் சினை: ஒரு பெட்டி அருமை, ஒரு பெட்டி கசப்பு

பாடப்புத்தகத்தில் கடல் அர்ச்சின் என்று படித்திருப்போமே, உடம்பெல்லாம் முள்ளாக உருண்டையாக இருக்கும் அந்தக் கடல் முள்ளெலியின் சினையை ஒரே நிறுவனத்திடம் இரண்டு தடவை வாங்கினேன். முதல் பெட்டி அருமை. இரண்டாவதில் மூன்று துண்டுக்கு மேல் இறங்கவில்லை.

முதலாவது உப்புநீரில் போட்டு வந்தது. நல்ல ஆரஞ்சு மஞ்சள், உடையாத துண்டுகள், வாயில் வைத்ததும் வெண்ணெய் மாதிரி கரைந்து, கடைசியில் ஒரு இனிப்பும் கடல் வாசமும் நின்றது. இரண்டாவது தட்டில் அடுக்கி வந்தது. மங்கலான நிறம், அடியில் பால் மாதிரி கசிவு, பின்நாக்கில் கசப்பு. கெட்டுப்போனதோ என்று மோந்து பார்த்தேன், வாடை எதுவும் இல்லை.

விஷயம் அந்தப் பிராணியின் உடம்பில் இருக்கிறது. சினை என்று சொன்னாலும் இது வெறும் முட்டை அல்ல, ஆண், பெண் இரண்டின் இனப்பெருக்கச் சுரப்பியையும்தான் சாப்பிடுகிறோம். ஓட்டுக்குள் ஐந்து மடல்களாக இருக்கும். இனம் பெருக்கும் பருவத்துக்குக் கொஞ்சம் முன்னால் அதில் சத்தைச் சேமிக்கும் செல்கள் நிறைந்திருக்கும், அப்போதுதான் சுவை. பருவம் நெருங்க நெருங்க அந்தச் சத்து முட்டையாகவும் விந்தாகவும் மாறிவிடும், தொட்டாலே கசியும். என் இரண்டாவது பெட்டி அந்த நேரத்தில் பிடித்ததாகத்தான் இருக்க வேண்டும். கசப்புக்குப் படிகாரமும் காரணமாக இருக்கலாம், தட்டில் அடுக்கும்போது துண்டுகள் குலையாமல் இறுகுவதற்காக அதைச் சேர்ப்பதுண்டு.

ஆனால் லேபிளில் பொதி செய்த தேதி மட்டும்தான். எந்த இனம், எங்கே, எந்த மாதம் பிடித்தது, ஒன்றும் இல்லை. எழுதிக் கேட்டேன், அதே தேதியைத் திருப்பி அனுப்பினார்கள்.

சுவைக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. நல்ல சினை என்றாலே அந்தப் பருவத்தில் இனம் பெருக்குவதற்குள் பிடித்தது என்று அர்த்தம். முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுத்தான் இவை கருவாகின்றன, அதனால் கூட்டம் அடர்த்தியாக இருந்தாக வேண்டும், அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சினால் கருவாவதே அரிது. செம்முள்ளெலி 100 வருஷத்துக்கு மேலும் வாழக்கூடியது, அவ்வளவு வயதானதை அள்ளிவிட்டால் அடுத்தது எப்போது வரும்? உலகம் முழுக்கப் பிடிபட்ட அளவு 1995 வாக்கில் சுமார் 1,20,000 டன்னைத் தொட்டுவிட்டு அப்புறம் இறங்கியது, சிலியின் கடல்தான் அதில் பெரும்பங்கு கொடுத்தது.

இன்னொரு பக்கம், கெல்ப் என்னும் பெரிய கடற்பாசிக் காட்டையே மேய்ந்து பாறையை மொட்டையாக்கிவிட்ட இடங்களில் முள்ளெலிகள் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் பட்டினி, உடைத்துப் பார்த்தால் உள்ளே பேருக்குத்தான் சினை. அவற்றைக் கொண்டுவந்து தொட்டியில் இரண்டு மூன்று மாதம் தீனி போட்டால் சினை பருத்துவிடும், பாசிக்கும் முளைக்க இடம் கிடைக்கும். எனக்கு இந்த வழியில்தான் பெரிய நம்பிக்கை.

அப்படி வளர்த்தது என்று எழுதி யாராவது விற்றால் அடுத்த பெட்டி அதுதான். இந்த நிறுவனத்திடம் என்றால் உப்புநீர்ப் பொதி மட்டும் வாங்குவேன், அதுவும் பிடித்த மாதத்தைச் சொன்னால்.