செட்டிநாட்டுப் பள்ளிச் சாப்பாடு: எந்த நாள் தட்டு காலியாகிறது, எந்த நாள் மிஞ்சுகிறது

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், சாக்கோட்டைப் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைக்கிறது. காலையில் முதலமைச்சரின் காலை உணவு, மதியம் சத்துணவு. வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. இந்த ஒன்றுக்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம். 'இல்லாத வீட்டுப் பிள்ளை மட்டும் இந்த வரிசையில் நில்' என்று சொல்லியிருந்தால், பசியோடு வந்த பிள்ளைதான் முதலில் ஒதுங்கிப் போயிருக்கும்.

காலைச் சாப்பாட்டின் அவசியத்தை இந்த ஊர்களில் விளக்கத் தேவையில்லை. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் விடிந்ததும் பஸ் பிடிக்கிற தாய், பிள்ளை எழும்புமுன்பே கிளம்பிவிடுவார். வீட்டில் இருப்பது நீச்சத்தண்ணியோ, கடையில் வாங்கிய பன்னோ. அதோடு வருகிற பிள்ளை பத்து மணிக்கே மேசையில் தலை சாய்த்துவிடும்.

காலை உணவு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. செட்டிநாட்டில் நகரத்தார் குடும்பங்கள் கட்டி நடத்திய, அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அங்கே படித்த பிள்ளைகள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது: கிராமப்புறத்துக்கு 2024 ஜூலை 15, நகரத்துக்கு 2025 ஆகஸ்ட் 26.

சரி, சாப்பாடு எப்படி?

அளவு நியாயமானது. காலையில் ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவை அல்லது அரிசி, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. சமைத்தபின் 150 முதல் 200 கிராம், கூடவே காய்கறி போட்ட சாம்பார் 100 மில்லி. அறுபது பிள்ளைகள் என்றால் ரவை 3 கிலோ, பருப்பு 900 கிராம், சாம்பார் 6 லிட்டர். இந்தக் கணக்கைப் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தவறு நடக்கிற இடம் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது.

முதலில் உப்புமா. வீட்டில் இறக்கியதும் சாப்பிடுகிற உப்புமாவுக்கு ஊற்றுகிற அளவில் தண்ணீர் ஊற்றினால், பள்ளியில் அது அரை மணி நேரம் அண்டாவில் இருந்து இறுகி, கரண்டியில் கட்டியாக வரும். 3 கிலோ ரவைக்கு 8 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். ரவையை வாசம் வரும்வரை வறுக்காவிட்டால் குழைந்து போகும். சேமியா இதற்கு நேர்மாறு: தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் மூடி வைத்த அண்டாவில் பசையாகிவிடும். ஓரிடத்தில் சமைத்து வண்டியில் அனுப்புகிற ஏற்பாட்டில் இந்த இரண்டு குறையும் இரட்டிப்பாகும். பள்ளியிலேயே மகளிர் குழுப் பெண்கள் ஆக்குகிற உப்புமாதான் நல்ல உப்புமா.

புதன்கிழமைப் பொங்கலுக்கு இந்தத் தொல்லை இல்லை. தளர ஆக்கினால் எட்டேகாலுக்குப் பதமாக நிற்கும். தட்டு வழித்துத் தின்னப்படுகிற நாள் அதுதான்.

சாம்பார்தான் உண்மையான பரீட்சை. பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிடப் பத்துப் பேர் கூட வந்தால், கை முதலில் போவது தண்ணீர்ப் பக்கம். 900 கிராம் பருப்பில் 9 லிட்டர் சாம்பார் வைத்தால் 100 மில்லி கரண்டியில் 10 கிராம் பருப்புதான் போகும். இன்னொரு சிக்கல் தண்ணீர். சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர் போனது காரைக்குடி. ஆனால் உப்புத்தண்ணீர் வருகிற போர்வெல் ஊர்களில் பருப்பு எவ்வளவு வெந்தாலும் மசியாது. அதற்காகச் சோடா உப்பு போடக் கூடாது, பி வைட்டமின் வீணாகும். பருப்பை வெந்நீரில் அரை மணி ஊற வைத்து, மஞ்சளும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு, மசிந்த பிறகே புளியையும் தக்காளியையும் சேர்த்தால் சரியாகும். முதலிலேயே புளி ஊற்றினால் பருப்பு விறைத்துக்கொண்டு கிடக்கும்.

மதியச் சத்துணவு 1982 ஜூலை 1 முதல் நடக்கிறது. கை பழகிய திட்டம். தொடக்க வகுப்புக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்பிலிருந்து 150 கிராம், வாரம் ஐந்து முட்டை, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். புதுவயல் ஆலை அரிசியில் வளர்ந்த ஊர் இது, பழைய அரிசியின் வாடையைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்று தண்ணீரில் கழுவி ஊற வைத்தால் பாதி வாடை போகும். எலுமிச்சை சாதத்துக்கும் புளி சாதத்துக்கும் சோற்றை ஆற விரித்துக் கிளறவேண்டும். சுடச்சுட அண்டாவிலேயே கிளறினால் களிதான்.

முட்டை மிஞ்சினால் காரணம் பெரும்பாலும் வேகவைத்த விதம். அண்டாவின் அடியில் கிடப்பவை கூடுதலாக வெந்து, மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டி நாறும். கொதி வந்தபின் பன்னிரண்டு நிமிடம் போதும். உடனே பச்சைத்தண்ணீரில் போட்டால் வளையமும் கட்டாது, ஓடும் லேசாக உரியும். வேகவைக்குமுன் தண்ணீரில் மிதக்கிற முட்டையைத் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.

ஒன்பது, பத்தாம் வகுப்பில் சாப்பிடுகிறவர்கள் குறைவதற்கு ருசி மட்டும் காரணமில்லை. வீட்டிலிருந்து தட்டு கொண்டுவர வேண்டும் என்றால், பையில் தட்டு இருக்கிற பிள்ளை யாரென்று வகுப்புக்கே தெரிந்துவிடும். தட்டைப் பள்ளியே வைத்திருந்து, ஆசிரியர்களும் அதே சோற்றை அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்தக் கூச்சம் வெகுவாகக் குறையும்.

மனதை அறுக்கிற குறை ஒன்று உண்டு. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. நடுநிலைப் பள்ளியில் தம்பி உள்ளே பொங்கல் சாப்பிடுவான். அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்த ஆறாம் வகுப்பு அக்கா வாசலில் நிற்பாள். இருவரும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே வெறும் வயிற்றோடு வந்தவர்கள். இதற்காக நான் ஒரு மதிப்பெண்ணை முழுதாகக் குறைக்கிறேன்.

பெற்றோர் ஒரு நாள் எட்டேகாலுக்குப் போய்ப் பாருங்கள். கரண்டியை அண்டாவின் அடி வரை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். பருப்பு அடியில் தங்கி மேலே தெளிந்த தண்ணீர் நின்றால் பருப்பு மசியவில்லை என்று பொருள். உப்புமாவைத் தட்டில் கவிழ்த்தால் அச்சு மாதிரி நிற்கிறதா பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அன்றைய பிள்ளைகள் எண்ணிக்கையையும் எடுத்த பருப்பின் எடையையும் கேளுங்கள். ஆக்குகிறவர் உங்கள் தெருப் பெண்தான், அவர் பிள்ளையும் அதே பந்தியில் உட்கார்ந்திருக்கும். கோபமாகக் கேட்காமல் குறையைப் பதமாகச் சொன்னால் மறுநாளே மாறும்.