பிளாக்கரா, வேர்ட்பிரஸ்ஸா: மூன்றாம் வருஷத்தில் யார் பார்த்துக்கொள்வது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் ஊரையும் தொழிலையும் பற்றித் தனியாளாக எழுதப்போகிறவர் கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாக்கரில் தொடங்கட்டும். கூடவே சொந்தமாக ஒரு டொமைன், அதாவது தன் பெயரில் ஒரு இணைய முகவரி, வாங்கி அதில் இணைத்துவிடட்டும். நான் தேர்ந்ததும் இதுதான். வேர்ட்பிரஸ் மோசம் என்பதல்ல காரணம். அதைத் தொடர்ந்து பராமரிக்க ஆள் வேண்டும் என்பதுதான்.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, குமுளி, உடும்பன்சோலை, இந்தப் பக்கம் இறங்கினால் போடி, கம்பம். இங்கே தமிழில் எழுதிவைக்க வேண்டியது ஏராளம். எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீடுகள், அவர்களை மேற்பார்த்த கங்காணிகள் காலத்து நினைவுகள், போடியிலும் புத்தடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தின் விலைப்போக்கு, தாத்தா பாட்டியின் பழைய போட்டோக்கள். இப்படிப்பட்ட பதிவை ஐந்து வருஷம் கழித்து யாரோ தேடி வந்து படிப்பார்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் திறக்க வேண்டும். நான் பார்ப்பது அந்த ஒன்றைத்தான்.

அழகு, எளிமை, வேகம் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம்களில் வேர்ட்பிரஸ் பல மடங்கு முன்னே நிற்கிறது. எளிமையில் பிளாக்கர்: ஜிமெயில் கணக்கு இருந்தால் பத்து நிமிஷத்தில் முதல் பதிவு போடலாம். வேகம் பெரும்பாலும் நாம் ஏற்றும் படத்தைப் பொறுத்தது. போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் எஸ்டேட்டின் அரைகுறை சிக்னலில் எந்தப் பக்கமும் திறக்காது. அகலம் 1200 பிக்சல், அளவு 200 கேபி சுற்றி என்று சுருக்கிவிட்டு ஏற்றுங்கள்.

வேர்ட்பிரஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் வேர்ட்பிரஸ் டாட் காம். இலவசமாகத் தொடங்கலாம், ஆனால் பக்கத்தில் அவர்களுடைய விளம்பரம் வரும், சொந்த டொமைனை இணைக்கப் பணம் கட்ட வேண்டும். மற்றது 2003இல் வெளிவந்த திறந்தமூல மென்பொருள். அதை நாமே ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க வாடகைச் சர்வர் இடம், வாங்கி நிறுவிக்கொள்கிறோம். 'வேர்ட்பிரஸ் வைத்துக்கொள்' என்று அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள். நானும் இங்கே அதையே ஒப்பிடுகிறேன்.

முதல் வருஷம் அதில் சிரமமே தெரியாது. விளம்பர விலைக்கு ஹோஸ்டிங் கிடைக்கும், ஒரே சொடுக்கில் நிறுவிவிடலாம். ரெனியூவல் பில் வரும்போதுதான் விலை இரண்டு மூன்று மடங்காகியிருப்பது தெரியும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பணத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். கவனம்தான் பெரிய செலவு. மென்பொருள், தீம், கூடுதல் வசதி தரும் பத்துப் பன்னிரண்டு பிளக்இன், அடியில் பிஎச்பி என்ற நிரல்மொழி, டேட்டாபேஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பழசாகும். ஹோஸ்டிங்காரர் பழைய பிஎச்பி பதிப்பை நிறுத்தும் நாளில், அப்டேட் ஆகாத தீம் ஒன்று முழுத் தளத்தையும் வெள்ளைத் திரையாக்கிவிடும். கைவிடப்பட்ட பிளக்இன் ஒன்றில் ஓட்டை இருந்தால் அதன்வழியே யாரோ நுழைந்து, நம் பக்கத்துக்கு வருகிறவர்களைச் சூதாட்டத் தளத்துக்கு அனுப்புவார்கள். லாகின் பக்கத்தைத் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும். சின்ன பாதுகாப்பு அப்டேட்டுகள் 2013 முதல் தானாகவே நிறுவப்படுகின்றன, 2020 முதல் பிளக்இன்களையும் அப்படி விடலாம் என்பது உண்மை. ஆனால் அப்டேட்டே எதையாவது உடைத்தால் உட்கார்ந்து சரிசெய்ய ஆள் வேண்டுமே.

இப்போது தனியாள் ஒருவரின் மூன்றாம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்பு, சீசன் வேலை, உடம்புக்கு முடியாமை என்று எட்டு மாதம் எழுதவில்லை. பிளாக்கரில் எதுவும் ஆகாது, போட்ட பதிவு போட்டபடியே இருக்கும். ஹோஸ்டிங்கில் பணம் கட்டாமல் விட்டால் தளம் முதலில் முடங்கும், சில வாரங்களில் கோப்புகளே அழிக்கப்படும். வீட்டில் வேறு யாருக்கும் கடவுச்சொல் தெரியாது என்றால் அதோடு முடிந்தது. தனிமனித வலைப்பூவுக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

'கூகுள் எத்தனையோ சேவைகளை மூடியிருக்கிறது, பிளாக்கரை எப்படி நம்புவது?' என்று கேட்பது நியாயம். ரீடரை 2013இல் மூடினார்கள், கூகுள் பிளஸ்ஸை 2019இல் மூடினார்கள். பிளாக்கரையும் மூடமாட்டார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் சொந்த டொமைனை இவ்வளவு வலியுறுத்துகிறேன். அதற்கு நடந்த சாட்சியே இருக்கிறது. 2012 முதல் இந்தியாவிலிருந்து படிப்பவர்களை பிளாக்ஸ்பாட் டாட் காமிலிருந்து பிளாக்ஸ்பாட் டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள். எல்லாரும் முகவரிப் பட்டையில் தெரிந்த அந்த டாட் இன் லிங்க்கையே நகலெடுத்து மற்ற பதிவுகளிலும் வாட்ஸ்அப்பிலும் போட்டார்கள். 2018இல் அந்த வழக்கம் நின்றது. 2020இல் அந்த டாட் இன் டொமைனே கூகுளின் கையை விட்டுப் போனது. பதிவுகள் டாட் காமில் பத்திரமாக இருந்தன, ஆனால் அவற்றுக்கு வந்த வழிகள் அறுந்தன. முகவரி நம் பெயரில் இருந்திருந்தால் இது நம்மைத் தொட்டிருக்காது.

டாட் இன், டாட் காம் எதுவானாலும் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய்ப் பக்கம் ஆகும். இதிலும் முதல் வருஷ விலையைப் பார்க்காதீர்கள், ரெனியூவல் விலையைப் பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் என்று கார்டை மட்டும் நம்ப வேண்டாம்: 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தபின் வெளிநாட்டு நிறுவனங்களின் தானியங்கிப் பிடித்தங்கள் பல நின்றுபோயின. ஐந்து வருஷத்துக்கு ஒரேயடியாகக் கட்டிவிடுவது நல்லது, பத்து வருஷம் வரை கட்டலாம். மறந்து காலாவதியாகிவிட்டால், டாட் காமுக்குச் சலுகை நாட்கள் போனபிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதில் அபராதத்தோடு பெரிய தொகை கேட்பார்கள். அதையும் தாண்டி 5 நாளில் டொமைன் சந்தைக்கு வந்துவிடும்.

இணைக்கும் வேலை அரை மணி நேரம். பிளாக்கரில் செட்டிங்ஸ், பப்ளிஷிங், கஸ்டம் டொமைன். அங்கே டொமைனை முன்னால் டபிள்யு டபிள்யு டபிள்யு சேர்த்தே கொடுக்க வேண்டும், வெறும் பெயரைக் கொடுத்தால் ஏற்காது. கொடுத்ததும் சிவப்பில் பிழைச்செய்தி வரும். பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியதே அதில்தான் இருக்கிறது: இரண்டு சிநேம் பதிவுகள், அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் வரிகள். ஒன்று டபிள்யு டபிள்யு டபிள்யுவை ஜிஎச்எஸ் டாட் கூகுள் டாட் காமுக்குக் காட்டுவது, மற்றது உங்கள் கணக்குக்கென்றே உருவான சரிபார்ப்புக் குறி. டொமைன் வாங்கிய இடத்தில், முகவரி எங்கே போக வேண்டும் என்று குறிக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் இரண்டையும் சேருங்கள். டபிள்யு டபிள்யு டபிள்யு இல்லாமல் தட்டுகிறவர்களும் வந்துசேர 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21 என்று, பெயரை எண் முகவரிக்குக் காட்டும் நான்கு ஏ பதிவுகளும் தேவை. பிறகு பிளாக்கரில் 'ரீடைரக்ட் டொமைன்' பொத்தானை இயக்குங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு இரண்டு. பெயர்க் கட்டத்தில் முழு டொமைனையும் எழுதிவிடுவது முதல் தவறு. பல டிஎன்எஸ் பக்கங்கள் டொமைனைத் தாமே ஒட்டிக்கொள்ளும், அதனால் பெயர் இரட்டிக்கும். முன்பகுதியை மட்டும் எழுதுங்கள். டொமைன் விற்றவர் தன் தற்காலிகப் பக்கத்துக்குக் காட்டி முன்பே போட்டுவைத்த பார்க்கிங் பதிவுகளை நீக்காமல் விடுவது இரண்டாவது. அவை இருக்கும்வரை புதியவை வேலை செய்யா, அல்லது ஒருநாள் இங்கும் ஒருநாள் அங்கும் திறக்கும். எல்லாம் முடிந்ததும் பாதுகாப்பான இணைப்பான எச்டிடிபிஎஸ்ஸை இயக்குங்கள். சான்றிதழ் தயாராகச் சில மணி நேரம் ஆகலாம், அதுவரை 'பாதுகாப்பற்றது' என்று உலாவி சொன்னால் டிஎன்எஸ்ஸைக் கலைத்துவிடாமல் பொறுத்திருங்கள். பழைய பிளாக்ஸ்பாட் முகவரி தானாகவே புதியதற்குத் திரும்பிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கே வரும் சிக்கல் ஒன்று உண்டு, பதிவின் லிங்க். தலைப்பைத் தமிழில் வைத்தால் பிளாக்கர் அந்த எழுத்துகளைத் தள்ளிவிட்டு 'பிளாக் போஸ்ட்' என்றும், அடுத்ததற்கு அதோடு ஒரு எண்ணும் வைத்துக்கொள்ளும். எந்த லிங்க் எந்தப் பதிவு என்று பிறகு யாருக்கும் தெரியாது. வேர்ட்பிரஸ் தமிழை வைத்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு யூனிகோட் குறியையும் (எழுத்து ஒரு குறி, அதன் கொம்பு, கால், புள்ளி தனிக் குறி) சதவீதக் குறி கலந்த 9 எழுத்தாக மாற்றும். லிங்க்கில் பதிவின் பெயருக்கு அதன் வரம்பு 200 எழுத்து. 'மூணாறு மழையும் தேயிலையும்' என்று தலைப்பு வைத்தால் அதில் 23 குறிகள், ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாகும் இரண்டு இடைவெளி. 22ஆவது குறியிலேயே 200 தீர்ந்துவிடும், கடைசி 'ம்' தன் புள்ளியை இழக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ ஆறு வரிக் குப்பையாகத் தெரியும். இரண்டு இடத்திலும் மருந்து ஒன்றுதான்: வெளியிடும் முன் பெர்மாலிங்க் (பதிவின் நிலையான லிங்க்) கட்டத்தில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் எழுதிவிடுங்கள். பிளாக்கரில் வெளியிட்ட பிறகு மாற்ற வேண்டுமானால் பதிவை டிராப்ட்டுக்குத் திருப்ப வேண்டும், பகிர்ந்த பழைய லிங்க்கும் செத்துப்போகும்.

பழைய டிடிபி கோப்புகளிலிருந்து ஒட்டுகிறவர்கள் கவனிக்க: பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தது வலையில் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

நம் பக்கத்தில் தமிழும் மலையாளமும் கலந்து எழுதுகிறவர்கள் உண்டு. வேர்ட்பிரஸ்ஸில் பாலிலாங் போன்ற பிளக்இன் போட்டால் இரண்டு மொழிப் பதிப்பையும் முறையாக இணைக்கலாம், இதில் அதுதான் மேல். பிளாக்கரில் 'தமிழ்', 'மலையாளம்' என்று லேபிள் வைத்துப் பிரித்துக்கொள்வதோடு சரி. எழுத்துருவை மட்டும் மறக்காதீர்கள். தீமில் தமிழ் எழுத்துரு மட்டும் கொடுத்திருந்தால் மலையாளம் போனில் இருக்கும் ஏதோ ஒன்றில், வேறு அளவில் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் மலையாளம் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். வரி இடைவெளி 1.7 வைத்தால் இரண்டின் கொம்பும் சுழியும் இடிக்காது. பத்தியின் இரு ஓரத்தையும் நேராக்கும் ஜஸ்டிஃபை வேண்டாம், நீளமான தமிழ்ச் சொற்களால் போன் திரையில் வரிக்கு வரி ஓட்டை விழும்.

வேர்ட்பிரஸ்தான் சரி என்ற இடங்களும் இருக்கின்றன. ஏலக்காய், மிளகு என்று பொருளை அங்கேயே விற்க வேண்டும், நாலைந்து பேர் எழுதி ஒருவர் திருத்த வேண்டும், ஆயிரக்கணக்கான பதிவைப் பலவகையில் பிரித்துக் காட்ட வேண்டும், அதோடு வீட்டிலோ நட்பிலோ இதைக் கவனிக்க ஒருவர் இருக்கிறார் என்றால் தயங்காமல் போங்கள். கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் ஹியூகோ, ஜெக்கில் போன்ற மென்பொருளால் முன்பே தயாரித்து வைக்கும் நிலைத்த பக்கங்களும் இலவசம், உடைத்துத் திறக்க அங்கே லாகின் பக்கமே கிடையாது. மார்க்டவுனும் கமாண்ட் லைனும் பழகியவர்களுக்கு நன்றாக இருக்கும். நீண்ட நாள் ஓட்டிப் பார்க்காததால் அதைப் பற்றி இதற்குமேல் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

பிளாக்கரில் பாதுகாக்க வேண்டியது கூகுள் கணக்கைத்தான். இரண்டு வருஷம் தொடாத கணக்குகளை அழிக்கும் நடைமுறை 2023 டிசம்பரில் தொடங்கியது, எழுதாவிட்டாலும் அவ்வப்போது லாகின் செய்யுங்கள். மழைக்காலத்தில் மலையில் லாகின் குறியெண் கொண்டுவரும் எஸ்எம்எஸ் வராமல் போகும், அதனால் கூகுள் தரும் 10 பேக்கப் குறியெண்களை அச்சிட்டு ரேஷன் கார்டோடு வையுங்கள். பெர்மிஷன்ஸ் பகுதியில் குடும்பத்தில் இன்னொருவரையும் அட்மினாக்குங்கள். மாதம் ஒருமுறை செட்டிங்ஸில் 'பேக் அப் கன்டென்ட்' கொடுத்து பேக்கப் கோப்பை இறக்குங்கள். பதிவும் பின்னூட்டமும் அதில் வந்துவிடும், படங்களுக்கு அதை நம்ப வேண்டாம். ஏற்றிய படங்களின் மூலப்படிகளை ஆண்டு, மாதம் வாரியாகத் தனி ஃபோல்டரில் வைத்தால்தான் பேக்கப் முழுமை.

பிற்காலத்தில் வேர்ட்பிரஸ்ஸுக்கு மாற நேர்ந்தால் இந்த ஏற்பாடு அப்படியே கைகொடுக்கும். டூல்ஸ், இம்போர்ட், பிளாக்கர் என்று போய் அந்த பேக்கப் கோப்பை ஏற்றுங்கள். பெர்மாலிங்க் அமைப்பை ஆண்டு, மாதம், பதிவின் பெயர், இறுதியில் டாட் எச்டிஎம்எல் என்று வையுங்கள், பிளாக்கரின் வரிசையும் அதுவேதான். பதிவின் பெயர்கள் பழையபடியே வந்திருக்கின்றனவா என்று பத்துப் பதிவையாவது திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் டிஎன்எஸ்ஸைப் புது ஹோஸ்டிங்குக்குத் திருப்புங்கள், முன்பு பகிர்ந்த லிங்க்குகள் அதே இடத்தில் திறக்கும்.