பழைய பிக்கப் டிரக்: சில்வராடோ, ராம், எஃப்-150, டண்ட்ரா – எதை நம்பி வாங்கலாம்?

டெட்ராய்ட்டின் மேற்குப் புறநகரில் குடியிருக்கும் நான், முதன்முதலாகப் பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்கியபோது குதிரைத்திறனையும் இழுவைத் திறனையும் உள்ளிருக்கையின் தோலையும்தான் பார்த்தேன். வண்டியின் அடிப்பாகத்தில் புதிதாகப் பூசியிருந்த கறுப்பு வண்ணத்தை, முந்தைய உரிமையாளரின் அக்கறைக்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு சிவப்பு விளக்கில் நிறுத்துவதற்காக மிதித்த பிரேக் பெடல் தரைவரை இறங்கிவிட்டது. பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு அரித்திருந்த பிரேக் குழாய் பின்சக்கரத்துக்கு அருகே வெடித்திருந்தது. அந்தக் கறுப்பு வண்ணத்துக்கு அடியில் சேஸ் எனப்படும் அடிச்சட்டம் செதில் செதிலாக உதிர்ந்தது. அதன் பிறகு எந்த டிரக்கைப் பார்க்கப் போனாலும் எனக்கு முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த வண்டிக்கு வரக்கூடிய பெரிய கோளாறு, பணம் கைமாறுவதற்கு முன்பே கண்ணுக்கோ காதுக்கோ தெரிந்துவிடுமா, அல்லது வாங்கிய பிறகுதான் தெரியவருமா?

2014 முதல் 2020 வரையிலான மாடல்களையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். பழைய வண்டிச் சந்தையில் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுபவை பெரும்பாலும் அவைதான்.

செவ்ரோலே சில்வராடோ 1500, அதன் உடன்பிறப்பான ஜிஎம்சி சியரா ஆகியவற்றில் பரவலாகக் கிடைப்பது 5.3 லிட்டர் வி8 எஞ்சின். இழுவைக்குக் குறைவில்லை, உதிரிப் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும், இந்த எஞ்சினைத் திறந்து பார்த்த அனுபவமில்லாத மெக்கானிக்கை அமெரிக்காவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகச் சுமை குறைந்த நேரத்தில் சில சிலிண்டர்களை உறங்க வைக்கும் ஏற்பாடு இதில் உண்டு. 2018 வரையிலான வண்டிகளில் 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்கள் மட்டுமே இவ்வாறு உறங்கின. 2019-இல் வந்த புதிய தலைமுறையில், பெரும்பாலான 5.3 எஞ்சின்களில், எட்டு சிலிண்டர்களுமே உறங்கக்கூடியவை ஆயின. உறங்க வைப்பதற்கென்று உள்ளே பூட்டும் ஊசிகளைக் கொண்ட, வால்வுகளைத் திறக்க உதவும் தனிவகை லிஃப்டர்கள் தேவைப்படுகின்றன. அவற்றில் ஒன்று சிக்கிக்கொண்டால் அந்தச் சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்யும், சில வேளைகளில் லிஃப்டர்களைத் தள்ளும் தண்டான கேம்ஷாஃப்டும் தேய்ந்துவிடும். லிஃப்டரை மாற்றச் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டும் என்பதால், சிறிய பாகத்துக்கான செலவு சில ஆயிரம் டாலரில் போய் நிற்கிறது. சிக்கிக்கொள்ளும் நாள்வரை அது பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. காலையில் ஓட்டிப் பார்த்து மனநிறைவோடு வாங்கிய எஞ்சின் அடுத்த மாதமே படுத்துக்கொண்டால், விற்றவர் பொய் சொன்னார் என்றுகூடக் குறைசொல்ல முடியாது, அவருக்கும் தெரிந்திருக்காது.

2014 முதல் 2018 வரையிலான சில்வராடோவைப் பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடப் பம்பு தொடர்பாக 2019-இல் ஏறத்தாழ 34 லட்சம் வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. அந்தச் சீரமைப்பு செய்யப்பட்டதா என்பதை, வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைக் கொடுத்து அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் இலவசமாகவே சரிபார்க்கலாம்.

ராம் 1500 வண்டியின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினிலும் அதே நான்கு சிலிண்டர்கள் உறங்குகின்றன, லிஃப்டர் கோளாறும் உண்டு. வேறுபாடு என்னவென்றால், ஹெமி பெரும்பாலும் முன்கூட்டியே வாய்திறந்து சொல்கிறது. ‘டிக், டிக்’ என்ற அந்த ஒலிக்கு இரண்டு பொருள் இருப்பதுதான் சிக்கல். எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் போல்ட் உடைந்திருந்தால், குளிர்ந்த எஞ்சினில் ஒலி கேட்கும். உலோகம் சூடேறி விரிந்து இடைவெளி அடைபட்டதும் மறைந்துவிடும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் ஒலி நிற்காமல் தொடர்ந்தால் லிஃப்டரையும் கேம்ஷாஃப்டையும் சந்தேகிக்க வேண்டும். முன்னது தாங்கக்கூடிய செலவு, பின்னது தாங்க முடியாத செலவு. ஆகவே ராம் பார்க்கப் போகிறவர்கள், தாம் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். போனதும் முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். அது வெதுவெதுப்பாக இருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவதே நல்லது.

பயண சுகத்தில் ராமை மற்ற மூன்றும் நெருங்க முடியாது. பின்சக்கரங்களுக்கு மற்றவை பட்டை வில்களைப் பயன்படுத்த, ராம் 2009 முதல் சுருள்வில்லைப் பயன்படுத்துகிறது. குண்டும் குழியுமான மிச்சிகன் சாலைகளில் பின்னிருக்கையில் குழந்தைகளை ஏற்றிச் செல்பவர்களுக்கு இது பெரிய விஷயம். அதே வில், பின்னாலுள்ள சரக்குத் தட்டில் ஈர மண்ணைக் குவித்ததும் வண்டியின் பின்புறத்தை மற்றவற்றைவிட அதிகமாகத் தாழ்த்திவிடுகிறது. 2013-இல் வந்த எட்டு கியர் தானியங்கிப் பெட்டி நம்பகமானது. அதற்கு முந்தைய ராமை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஃபோர்டு எஃப்-150 விஷயத்தில் ‘எந்த எஞ்சின்?’ என்று கேட்காமல் பேசவே முடியாது. 2017 முதல் 2020 வரையிலான 3.5 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினில் கேம்ஷாஃப்டின் சுழற்சி நேரத்தை மாற்றியமைக்கும் கேம் ஃபேசர் என்ற பாகம் தேய்வது பலரும் அறிந்த குறை. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் இயக்கும்போது ஓரிரு நொடிகள் சங்கிலியை உலுக்குவது போன்ற கரகரப்பு எழும். சரிசெய்ய ஆயிரக்கணக்கில் ஆகும் என்றாலும், அதைக் கேட்பதற்கு நம் காதைத் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. 5.0 லிட்டர் வி8 எளிமையானது, டர்போ இல்லாதது. ஆனால் 2018 முதல் சில ஆண்டுகள் ஆயிலைக் குடிக்கிறது என்ற புகார் இருந்ததால், ஆயில் அளவுகோலை உருவிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

என் தேர்வு 2018 முதல் 2020 வரையிலான 2.7 லிட்டர் இரட்டை டர்போதான். இந்த எஞ்சின் 2015-இல் வந்தபோது அடிப்பாத்திரத்தில் ஆயில் கசிந்தது. 2018-இல் எஞ்சினையே மறுவடிவமைத்து, எரிபொருளை நேரடியாகவும் வால்வுக்கு முன்னாலும் என இரு வழிகளில் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதனால் வால்வுகளில் கரி படிவது வெகுவாகக் குறைந்தது. இதனோடு வரும் பத்து கியர் பெட்டி சில வண்டிகளில் குறைந்த வேகத்தில் திடுக்கென்று இடிக்கும். அந்தக் குறையையும், போக்குவரத்து நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

2015 முதல் எஃப்-150-இன் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. சக்கர வளைவுகள் துருப்பிடித்து ஓட்டை விழும் காட்சியை இதில் காண முடியாது. ஆனால் சேஸ் இன்னமும் எஃகுதான். பளபளக்கும் கதவைப் பார்த்து அடிப்பாகத்தை மறந்துவிடுவது இந்த வண்டியில்தான் எளிது. விபத்தில் நசுங்கிய அலுமினியத்தைச் சீரமைக்கத் தனிப் பயிற்சி பெற்ற பட்டறை வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டொயோட்டா டண்ட்ராவின் 5.7 லிட்டர் வி8, 2007 முதல் 2021 வரை ஏறக்குறைய மாறாமலேயே வந்தது. சிலிண்டர்களை உறங்க வைக்கும் ஏற்பாடும் இல்லை, டர்போவும் இல்லை. எஞ்சின் ஆயுளை மட்டும் பார்த்தால் நான்கில் இதுவே முதலிடம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த ஆயுளுக்கான விலையை வாங்கும்போது ஒருமுறையும், எரிபொருள் நிலையத்தில் வாரந்தோறும் கொடுக்க வேண்டியிருக்கும். நகரையும் நெடுஞ்சாலையையும் சேர்த்து இது காலனுக்கு 15 மைல் அளவிலேயே நிற்கிறது. நான்கு சக்கர இயக்கமுள்ள 2.7 லிட்டர் எஃப்-150 அரசு மதிப்பீட்டின்படி 21 மைல் தருகிறது. ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுபவருக்கு ஏறத்தாழ 230 காலன் வேறுபாடு. காலன் 3 டாலர் என்று வைத்தாலே ஆண்டுக்கு 700 டாலருக்குச் சற்றுக் குறைவு. 2007, 2008 மாடல் டண்ட்ராக்களின் சேஸ் துரு குறித்த வழக்கு 2016-இல் சமரசத்தில் முடிந்தது. டெக்சாஸ், அரிசோனா போன்ற, சாலை உப்பை அதிகம் காணாத மாநிலங்களில் இருப்பவர்கள், குறைவாக ஓட்டுபவர்களாகவும் இருந்தால், என் பரிந்துரையை விட்டு டண்ட்ராவையே வாங்கலாம்.

நான்கில் எதை வாங்கினாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்க வேண்டும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்பது, அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கென்றே அதில் அச்சிடப்பட்டிருக்கும். 6,000 பவுண்டு டிரெய்லரைப் பூட்டினால் அதன் முகப்பு மட்டுமே வண்டியின் மேல் 600 முதல் 900 பவுண்டு வரை அழுத்தும், அதுவும் இந்த அளவில்தான் சேரும். விளம்பரத்தில் வரும் இழுவை எண் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

பராமரிப்பில் நான் கையைக் கட்டிக்கொள்வதே இல்லை. திரையில் வரும் ஆயில் நினைவூட்டலுக்குக் காத்திராமல் 5,000 மைலுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுகிறேன். கியர்பெட்டி, பின் அச்சு, நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் எண்ணெய்களை 60,000 மைலில் மாற்றிவிடுகிறேன். பிரேக் காலிப்பர் நகரும் ஊசிகளுக்கு ஆண்டுதோறும் கிரீஸ் இடாவிட்டால் உப்பு அவற்றை இறுக்கிவிடும். அக்டோபரில், முதல் பனிக்கு முன், சேஸின் உட்குழிகளுக்குள் நீண்ட குழாயை நுழைத்து, ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் லனோலின் எண்ணெயைத் தெளிக்கிறேன். ரப்பர் போல் கெட்டியாகும் பூச்சு வேண்டவே வேண்டாம். அது விரிசல்விட்டு ஈரத்தை உள்ளே சிறைபிடித்துக்கொள்ளும், துருவையும் மறைத்துவிடும்.

இரண்டாம் டிரக்கை வாங்கப் போனபோது ஒரு துண்டுக் கம்பளத்தையும் சிறு சுத்தியலையும் எடுத்துப்போனேன். பனி உருகிய டிரைவ்வேயில் மல்லாந்து படுத்து, பின்சக்கரத்துக்கு மேலே சேஸ் வளையும் இடத்தை இரு பக்கமும் தட்டினேன். முதலில் பார்த்த வண்டியில் ‘பொத்’ என்ற மந்தமான ஓசையோடு பழுப்புத் தூள் முகத்தில் விழுந்தது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். மூன்றாவது வண்டி கோயில் மணியைப் போல ‘ணங்’ என்றது.