நாவலுக்கு முன்னால் நிற்கும் சிறுவன்

சார்லஸ் டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலை அவருடைய முற்றுப்பெறாத தன்வரலாற்றுக் குறிப்புடன் சேர்த்து அச்சிட்ட பதிப்பொன்றை எங்கள் வாசிப்புக் குழுவுக்காக வாங்கினேன். தாளும் கட்டமைப்பும் நன்று. விளக்கக் குறிப்புகளைக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளியதுதான் எரிச்சலூட்டுகிறது.

பதிப்பின் மதிப்பு அந்தத் தன்வரலாற்றுக் குறிப்பில் இருக்கிறது. தந்தை கடனுக்காகச் சிறைப்பட்ட 1824-இல், 12 வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் காலணி மைக் கிடங்கில் ஜாடிகளின் வாயை எண்ணெய்த் தாளாலும் அதன்மேல் நீலத் தாளாலும் மூடி, நூலால் கட்டி, விளிம்பை நறுக்கி, பெயர்ச்சீட்டு ஒட்டினான். நாவலில் அது மதுக்கிடங்காகிறது. 1850-இல் நாவல் நிறைவடைந்தபோது வாசகர்கள் இதை அறிந்திருக்கவில்லை. டிக்கன்ஸ் 1870-இல் மறைந்த பிறகு, நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகவே இது வெளிவந்தது.

இனி இதை வெறும் கதையாகப் படிக்க முடியவில்லை என்று குழுவில் ஒருவர் குறைப்பட்டார். மற்றொருவரோ நாவலில் எப்போதும் கடனில் தவிக்கும் மிக்காபர் என்ற பாத்திரத்தின் தொல்லைகளைப் பார்த்து முன்போல் சிரிக்க வரவில்லை என்றார். எனக்கு நேர்மாறான அனுபவம். தன்னை மீண்டும் அந்த வேலைக்கே அனுப்பத் தாய் விரும்பியதை மறக்கவே முடியாது என்று குறிப்பில் எழுதியவர், நாவலில் டேவிட் கிடங்கிற்குப் போகும் முன்பே தாயை இறக்கச் செய்துவிடுகிறார். உண்மையைவிட அந்த மாற்றமே (மன்னிப்பா, தண்டனையா என்று நாங்கள் நெடுநேரம் விவாதித்தோம்) என்னை அதிகம் உலுக்கியது.

தன்வரலாற்றுக் குறிப்பைப் பதிப்பாளர் நாவலுக்கு முன்னால் வைத்தது தவறு. முதன்முறை படிப்பவர்கள் அதைத் தாண்டிச் சென்று, நாவலை முடித்தபின் திரும்பலாம்.